பூசையில் வைத்த தேர்மோமீற்றர்

நேர்ஸிங் படித்த காலத்தில் நானும் என் கூட்டாளியும் வெள்ளவத்தையில் ஒரு அன்ரியின் வீட்டில் வாடகை அறையில் இருந்தோம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஊசி போடத்தான் ஆசை. நுளம்பு முட்டையிடும் என்று சட்டிக்குள் நிற்கிற தண்ணியைக் கவிழ்க்கச் சொல்லி வீடு வீடாய் அலைவதும் ஒரு நேர்ஸ் வேலையா என்று அலுத்துக்கொள்வோம். என் கூட்டாளி மட்டும் அப்படியில்லை. நோய்த்தடுப்புப் பாடத்தில் அவள்தான் முதல். ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளுக்குக் களப்பயிற்சிக்குப் போனால் சனத்தைப் போட்டு ஏசுவாள். காய்ச்சலை ஏன் ஒளிக்கிறீங்கள், செத்தால் ஆருக்கு நட்டம் என்பாள். சனம் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தும்.

அந்த நவராத்திரியில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு தேர்மோமீற்றர், பிரஷர் பார்க்கிற மெசின் எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் அடுக்கினோம். விஜயதசமிப் பூசை முடியும் வரைக்கும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் பார்த்தால் அவளுக்கு உடம்பு கொதிக்கிறது. முதல் நாளே காய்ச்சலாம், பனடோல் போட்டுச் சமாளித்தாளாம். கண்ணுக்குப் பின்னாலும் நோவாம். டெங்குவாய் இருக்கும், இரத்தம் சோதிப்போம் வா என்றேன். வோர்ட்டுக்கு லீவு போட ஏலாதாம். அளந்து பார்க்காமல் காய்ச்சல் என்று எப்படிச் சொல்கிறாய் என்று என்னையே கேட்டாள். இவள் கதையைப் பாருங்கோ! அளக்கிற சாமான் பூசையில் இருக்கிறது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரே போய்ச் சரஸ்வதிக்கு முன்னால் இருந்த தேர்மோமீற்றரை எடுத்தேன். ஐயோ பிள்ளை என்று அன்ரி நெஞ்சில் கை வைத்தா. நான் நிற்கவில்லை. அளந்தால் நூற்றிமூன்று. அதைக் கேட்டதும் அன்ரிதான் ஓடிப்போய் த்ரீவீல் பிடித்தா.

டெங்குதான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்று டொக்டர் ஏசினார், அதுவும் என்னை!

கொஞ்சக் காலம் கழித்து, மெலிந்துபோன உடம்போடு அவள் மறுபடி ஜிந்துப்பிட்டிக்கு வந்தாள். முன்பு எங்கள் முகத்திலேயே கதவைச் சாத்திய ஒரு அக்கா, பாதிக் கதவைத் திறந்துகொண்டு, "நீங்க மட்டும் காய்ச்சல் வந்ததும் போனீங்களா மிஸ்?" என்று கேட்டா. ஆரோ கதை சொல்லியிருக்கிறார்கள். இவள் ஏசப்போகிறாள், அவ்வளவுதான் என்று நான் பயந்தேன்.

"போகேல்லை அக்கா," என்றாள். "எல்லாம் எனக்குத் தெரியும் எண்டு ஒளிச்சனான். செத்துப் பிழைச்சு வந்து நிக்கிறன்."

 அக்கா கதவை முழுதாய்த் திறந்து, உள்ளே பாயில் படுத்திருந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்தா. பிள்ளைக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சலாம்.