அரை மணி நேரம் தாங்குற கப்பு

போன மாசம் அவிநாசி ரோட்டுல ஒரு கல்யாணம். சாப்பாட்டுக்கு முன்னால டீ குடுத்தாங்க. கப்ப நீட்டுன பையன், "குடிச்சுட்டு கப்பையும் சாப்புட்டுருங்க, ராகில செஞ்சதுங்க"ன்னான். சுத்தி இருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் கப்பத் திருப்பித் திருப்பி போட்டோ எடுக்கறாங்க. நான் மட்டும் டீயக் குடிக்காம வாட்ச்சப் பாத்துட்டு நின்னன்.

"என்ன, கப்புக்கு வலி வந்துருச்சா? நேரம் பாத்துட்டு நிக்கற?"ன்னாரு என்ற ஊட்டுக்காரரு.

பக்கத்துச் சேர்ல உக்காந்திருந்த சின்னம்மா, அதாவது என்ற அம்மாவோட தங்கச்சி, டீய ஒரே மடக்குல குடிச்சுது. கப்போட ஓரத்த ஒரு கடி கடிச்சு மெதுவா மென்னுச்சு. "வெல்லம் போடல"ன்னுச்சு. சொல்லிட்டு என்னைப் பாத்துச்சு. டீயே குடிக்காம எனக்குப் பொரையேறிருச்சு.

நாப்பத்தஞ்சு வயசாச்சு, எனக்கு இன்னும் ஒரு எடத்துல பொட்டாட்ட உக்கார வராது. பிரசருக்கு நல்லதுன்னு டாக்டரு யோகா கிளாசுக்குப் போகச் சொன்னாரு. கண்ண மூடி அசையாம உக்காருங்கன்னு சொன்ன டீச்சரம்மா, மூணாவது நாளு, "நீங்க வேணும்னா நடந்துட்டே மூடிக்கங்க"ன்னுட்டாங்க. சின்னப் புள்ளைல இதவிட மோசம். பள்ளிக்கூடத்துல என்னை பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சா அது எனக்குத் தண்டனையே இல்ல. மேல இருந்து பாத்தா ரோடு நல்லாத் தெரியும்.

அப்ப நான் அஞ்சாவது. மண்ணரைல லைன் ஊட்டுல குடியிருந்தோம். எங்க ஊட்ட ஒட்டுன ஊட்டுல சின்னம்மாவும் சின்னப்பாவும். சின்னப்பாவுக்கு அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறைல வேல. சின்னம்மாவுக்கு ஒரு பனியன் கம்பெனில செக்கிங்.

செக்கிங்குன்னா, தச்சு வர்ற ஒவ்வொரு பீசையும் டேபிள்ல விரிச்சு, திருப்பி, இழுத்துப் பாக்கோணும். எங்க ஓட்ட, எங்க எண்ணெக் கறை, எங்க தையல் உட்டிருக்குதுன்னு கண்டுபுடிக்கோணும். தப்பு இருந்தா, அதுக்கு நேரா ஒரு சின்னச் செவப்பு அம்பு ஸ்டிக்கர ஒட்டி ஆல்டருக்குத் தள்ளி உடுவாங்க. ஆல்டர்ல இருக்கற டெய்லரு அம்பு காட்டற எடத்தச் சரி பண்ணிக் குடுத்துருவாரு. சரி பண்ணவே முடியாத பீசுக்கு ஸ்டிக்கரு கெடையாது. நேரா ரிஜெக்ட் பொட்டிக்குப் போயிரும். "தேறாததுக்கு எதுக்கு ஸ்டிக்கர வீணாக்கறது?"ன்னு சின்னம்மா கேக்கும்.

அந்த ஸ்டிக்கரு மேல எனக்கு உசுரு. ரத்தச் செவப்பு, பளபளன்னு இருக்கும். சின்னம்மா பைல ஒரு அட்ட நெறைய எப்பவும் கெடக்கும். ஒண்ணே ஒண்ணு குடு, நோட்டுல ஒட்டிக்கறன்னு எத்தன அழுதாலும் தராது. "கம்பெனி ஸ்டிக்கரு வெளையாட்டுக்கில்ல கண்ணு." அதோட பேச்சு முடிஞ்சுது.

பொழுதன்னைக்கும் நின்னுட்டே பாக்கற வேல. சாயங்காலம் வந்ததும் ரெண்டு காலையும் செவுத்து மேல தூக்கி வெச்சுட்டுப் படுத்துக்கும். வீக்கத்துல கொலுசு சதைல பதிஞ்சு கெடக்கும். எனக்கு உக்கார வராது, சின்னம்மாவுக்கு உக்காரக் கெடைக்காது. சாமி பாகம் பிரிக்கறப்ப எங்க ரெண்டு பேரு சீட்டையும் மாத்திக் குடுத்துருச்சு.

இந்த நேரத்துலதான் கம்பெனிக்கு ஒரு பையர் வர்றதாச் சேதி வந்துச்சு. சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு எங்கூர்ல பையர்னு பேரு. அவங்களுக்கு பிளாஸ்டிக்கே ஆகாதாம். கம்பெனிக்குப் பின்னால சாக்கடைல டீ குடிச்ச பிளாஸ்டிக் கப்பு மலையாக் குமிஞ்சு, தண்ணி போகாம நின்னு நாறிட்டிருந்துச்சு. மேனேஜரு எல்லாத்தையும் கூப்புட்டு நிக்க வெச்சு, "இனி நம்ம கம்பெனி ஈகோ ப்ரெண்ட்லியா இருக்கோணும்"ன்னு சொல்லிருக்காரு. சின்னம்மாவுக்குப் பக்கத்து டேபிள் மதுரைக்கார அக்கா, "ஈகோ இருக்க ஆளு எப்பிடித்தா ப்ரெண்ட்லியா இருக்க முடியும்? நம்ம மேனேஜரையே பாரேன்"னு சத்தமாவே சொல்லிருச்சாம்.

எல்லாரும் சிரிச்சு முடிச்சப்பறம் சின்னம்மா மட்டும் கையத் தூக்கிருக்குது. "குடிச்சுட்டு அப்படியே திங்கற மாதிரி கப்பு செஞ்சா, தூக்கிப் போடற வேலையே இல்லீங்களே." மேனேஜரு மொதல்ல சிரிச்சாராம். அப்பறம் யோசிச்சாராம். "சூட்டுக்கு அரை மணி நேரம் தாங்கோணும்மா. தாங்குச்சுன்னு எழுதிக் காட்டுங்க. தெனமும் ரெண்டு வேளை டீக்கும் உங்ககிட்டயே எடுத்துக்கறோம். நீங்க ஊட்டுலயே உக்காந்து செய்யலாம்."

உக்காந்து செய்யலாம். சின்னம்மா ஊட்டுக்கு வந்து இதச் சொன்னப்ப, எங்கம்மாகிட்ட அந்த ஒரு வார்த்தையத்தான் மூணு தடவ சொல்லுச்சு.

வெடியால எந்திரிச்சு வேல ஆரம்பிச்சுது. ராகி மாவு, கொஞ்சம் அரிசி மாவு, கெட்டியா நிக்கறதுக்கு வெல்லப்பாகு. சின்னப்பா பட்டறைல இருந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி ரெண்டு டம்ளரு கொண்டாந்து குடுத்தாரு. அதுதான் அச்சு. நடுவுல மாவ அமுக்கி, அலுமினியச் சட்டில மணலக் கொட்டி, அதுக்குள்ள பொதச்சு, மூடி போட்டு வேக உடும். மொதல்ல வந்ததெல்லாம் அச்சுலயே ஒட்டிக்கிச்சு. அடுத்தது வெடிச்சுது. பத்து நாளுல ஒண்ணு முழுசா வந்துச்சு. பழுப்புக் கலரு, வெரலால தட்டுனா டொக்குனு சத்தம். அத உள்ளங்கைல வெச்சுட்டு லைன் ஊடு மொத்தத்துக்கும் காட்டிட்டு வந்துச்சு. புள்ள பொறந்தாக் கூட அப்படிக் காட்டுவாங்களான்னு தெரியல.

மிச்சம் இருந்தது டெஸ்டு. எட்டரைக்கு சின்னம்மா கம்பெனிக்குப் போயிரும். எங்கம்மாவுக்கு ஊட்டு வேல. எனக்கு அரைப் பரிச்ச லீவு. இந்த உலகத்துலயே ஒரு எடத்துல உக்காரத் தெரியாத ஒரே ஒரு ஆளப் பாத்து, அந்த வேலயக் குடுத்துச்சு சின்னம்மா.

"கொதிக்கற தண்ணிய ஊத்து கண்ணு. எந்திரிக்காம பக்கத்துலயே உக்காரு. மொதச் சொட்டு எப்பக் கசியுதோ, கடியாரத்தப் பாத்து நோட்டுல எழுது. அரை மணி நேரம் தாங்கோணும்."

மொதக் கப்புக்கு நான் நேர்மையாத்தான் உக்காந்தன். ஒரு நிமிசம் ஆச்சு. முட்டி அரிச்சுது. ரெண்டு நிமிசம் ஆச்சு. காலு தானா ஆடுச்சு. முள்ளு நகரவே மாட்டேங்குது, பாட்டரி தீந்துருச்சோன்னு எந்திரிச்சுப் போய் கடியாரத்தக் காதுல வெச்சுக் கேட்டன். அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு. மூணாவது நிமிசம் வெளிய யாரோ கோலிக்குண்டு வெளையாடற சத்தம். சும்மா எட்டிப் பாத்துட்டு வந்தரலாம்னு போனன்.

திரும்பி வந்தப்ப கப்பு குட்டைல படுத்த எரும மாதிரி தண்ணிக்கு நடுவுல உக்காந்திருந்துச்சு. எப்பக் கசிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்? தொட்டு நக்கிப் பாத்தன். வெல்லமும் ராகியும் ஊறி, அப்படி ஒரு ருசி. தடயமே இல்லாமத் தின்னு முடிச்சு, தரையத் தொடச்சுட்டு, நோட்டுல எழுதுனன்: அரை மணி நேரம்.

ரெண்டாவது கப்புல இருந்து தண்ணி காய வெக்கற சோலியே வெச்சுக்கல. காஞ்ச கப்பு இன்னும் ருசி, கடுக்குமொடுக்குன்னு இருக்கும். கப்பத் தின்னுட்டே அரை மணி நேரம்னு எழுதறதுக்கு அரை நிமிசம் போதும். மொத்தம் பன்னெண்டு கப்பு. பன்னெண்டுக்கும் அரை மணி நேரம்.

அந்த வெல்லந்தான் சூடு பட்டதும் மொதல்ல எளகறது. ஒரே ஒரு கப்பையாவது நான் உக்காந்து பாத்திருந்தா, சின்னம்மா வெல்லத்த எடுத்துட்டு வேற எதையாவது போட்டுப் பாத்திருக்கும். ருசி எதுல இருந்துச்சோ ஓட்டையும் அதுலதான் இருந்துச்சு. அதப் பாத்திருக்கக் கூடிய ஒரே ஆளு நானு. நான் அதத் தின்னுட்டு இருந்தன்.

"எல்லாமே அரை மணி நேரமா கண்ணு?"

"ஆமா சின்னம்மா. கரெக்டா."

சின்னம்மா நோட்ட விரிச்சுப் பாத்துட்டே இருந்துச்சு. நூறு பீசுக்கு நடுவுல ஊசி முனை ஓட்டையக் கண்டுபுடிக்கற கண்ணு அது. அப்பறம் நோட்ட மூடி, பைக்குள்ள வெச்சுகிச்சு.

பையர் வந்தன்னைக்கு என்னையும் கூட்டிட்டுப் போச்சு. அட்டப் பொட்டில அம்பது கப்பு. எனக்குப் பெருமை தாங்கல, நாந்தான டெஸ்டரு. நாலு மணிக்கு பெல்லடிச்சுது. கம்பெனில டீ டைம் பத்தே நிமிசம். அதுல வரிசை, பாத்ரூம் எல்லாம் போக மிச்சம் ரெண்டு நிமிசந்தான் டீக்கு. கொதிக்கக் கொதிக்கத் தொண்டைல ஊத்திகிட்டாங்க. அவங்க கப்பெல்லாம் கல்லாட்டம் நின்னுச்சு. "எக்கா, டீயவிடக் கப்பு நல்லாருக்குக்கா!"ன்னு மதுரைக்கார அக்கா கத்துச்சு. சின்னம்மா சிரிச்சுது. வேல நேரத்துல அது பல்லு தெரியச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தன்.

பையரு ஒரு வெள்ளைக்காரம்மா. அவங்களுக்கு பெல்லு கெடையாது. டீ டைமும் கெடையாது. கப்பக் கைல வெச்சுட்டு, அழகா இருக்குதுன்னு நாலு பக்கமும் பாத்துட்டு, பேசிட்டு நின்னாங்க. மேனேஜரும் ஒரு கைல கப்பு, ஒரு கைல என்ற நோட்டு, பக்கம் பக்கமாத் திருப்பிக் காட்டிட்டு நின்னாரு. நின்ன எடம் சின்னம்மாவோட டேபிளு. காலைல இருந்து பாத்து முடிச்ச வெள்ளை டி-சர்ட்டு அதுல அடுக்கடுக்கா இருந்துச்சு.

ஆறாவது நிமிசமோ ஏழாவது நிமிசமோ, தொப்புனு ஒரு சத்தம். அந்தம்மா கைல கப்போட வட்டம் மட்டும் வளையலாட்டம் நின்னுச்சு. அடியும் டீயும் டி-சர்ட்டு மேல. என்னாச்சுன்னு குனிஞ்ச மேனேஜரு கப்பு, அவரு சட்டை மேலயே கவுந்துச்சு. வெள்ளைக்காரம்மா சிரிச்சுட்டாங்க. மேனேஜரு சிரிக்கல.

"ஏம்மா, அரை மணி நேரம்னு பன்னெண்டு தடவ எழுதிருக்குது. யாரு பாத்தது?"

சின்னம்மா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு ரெண்டு கன்னமும் உப்பியிருந்துச்சு. மிச்சம் இருந்த கப்புல ஒண்ணு வாய்க்குள்ள.

"நாந்தானுங்க"ன்னுச்சு சின்னம்மா. "நேரத்தச் சரியாப் பாக்கலீங்க."

வாய்ல கப்பு இருந்துச்சு, அதனாலதான் பேச முடியலன்னு ரொம்ப வருசம் எனக்கு நானே சொல்லிட்டிருந்தன். ஒரு வாய் முழுங்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்? அரை மணி நேரமா ஆகும்?

பையரு நிக்கறதப் பாத்துட்டு, கப்பு விசயத்த நாளைக்குப் பேசிக்கலாம்னாரு மேனேஜரு. அந்த நாளைக்கு வரவே இல்ல. சின்னம்மா கறை பட்ட டி-சர்ட்ட ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்துச்சு. டீக் கறை, வெல்லக் கறை, போகாது. பதினாலு பீசையும் ஸ்டிக்கரு ஒட்டாம ரிஜெக்ட் பொட்டில போட்டுச்சு. அப்பறம் மறுபடி டேபிளுக்குப் பின்னால போய் நின்னுகிச்சு.

வேல முடிஞ்சு நடந்து வந்தோம். பேசாம நடக்கறது எனக்கு உக்கார்றதவிடக் கஷ்டம். நான் முன்னால ஓடறதும், நின்னு பாக்கறதும், திரும்பி வர்றதுமா இருந்தன். ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல வந்தப்ப சின்னம்மா கேட்டுச்சு.

"எப்படிக் கண்ணு இருந்துச்சு?"

"எது சின்னம்மா?"

"கப்பு."

அடிக்கல, திட்டல, ருசியத்தான் கேக்குது. தப்பிச்சன்டா சாமின்னு எனக்கு ஒரே சந்தோசம். "சூப்பரா இருந்துச்சு சின்னம்மா. வெல்லம் மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

சின்னம்மா நின்னுருச்சு. என்னையே பாத்துச்சு. அப்பறம் நடந்துச்சு.

ஊட்டுக்கு வந்ததும் மணலத் தெருவுல கொட்டுச்சு. அச்சப் பிரிச்சுக் கழுவி அலமாரில கவுத்துச்சு, ரெண்டு டம்ளரும் மறுபடி டம்ளராயிருச்சு. கையத் தொடச்சுட்டு என்னைக் கூப்புட்டு முன்னால நிக்க வெச்சுச்சு. பைல இருந்து அந்த அட்டைய எடுத்துச்சு. செவப்பு ஸ்டிக்கரு ஒண்ண நகத்தால உரிச்சு, என்ற மோவாயப் புடிச்சு நிமித்தி, கன்னத்துல, உதட்டோரமா ஒட்டி, கட்டவெரலால ஒரு அழுத்து அழுத்துச்சு.

"போ கண்ணு"ன்னுச்சு.

எத்தன நாளு கேட்டு அழுத ஸ்டிக்கரு! லைன் ஊட்டுல ஒரு வாசப்படி பாக்கி உடாம ஓடி ஓடிக் காட்டுனன். "யாரு புள்ள இத ஒட்டுனது?"ன்னு கேட்டு கேட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு செக்கிங்குல வேல பாக்கறவங்க. "என்ற சின்னம்மா!"ன்னு மார நிமித்திச் சொன்னன். இவங்களுக்கெல்லாம் பொறாமைன்னு நெனச்சுகிட்டன். அடுத்த நாளு எட்டரைக்கு சின்னம்மா டேபிளுக்கு நிக்கப் போச்சு. நான் கன்னம் நனையாம மூஞ்சி கழுவிட்டு வெளையாடப் போனன். மூணு நாளு அப்படியே வெச்சிருந்தன்.

கண்ணாடிலயும் பாத்தன். எனக்குத் தெரிஞ்ச கொறை ஒண்ணே ஒண்ணுதான். இவ்வளவு அழகான பொட்ட நடு நெத்தில வெக்காம, இப்படித் தள்ளி வெச்சுருச்சே சின்னம்மான்னு. அம்பு எங்க காட்டுதுன்னு நான் பாக்கவே இல்ல.