படவேட்டில் கேட்டேன், வேலூரில் கிடைத்தது

1979இல் என் கணவர் ஏழுமலையின் வலது கண் வீங்கிப் பிதுங்கியது. ஆரணியில் பட்டு நெய்கிறவர். ஓர் இழை இரண்டாகத் தெரிந்தால் என்ன செய்வார்? கண்ணுக்குப் பின்னால் அழற்சி என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது. தீர்ந்தது என்றே இருந்தோம்.

1984இல் ஓயாத தலைவலி. தறியில் இடது கால் மிதிக்க வரவில்லை. ஒரு காலையில் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். உடைந்துபோனேன்.

கொழுந்தனார் போய் மருந்துக் கடையிலிருந்து அதே மாத்திரையை வாங்கிவந்தார். "இதுலதான அண்ணி கண்ணு சரியாச்சி? ஜல்தி குடுங்க. சும்மா அழுதுகினு இருக்காதீங்க."

கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று அவரைப் படவேட்டுக்குக் கூட்டிப்போனேன். ரேணுகாம்பாள் சந்நிதியில் மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல தாயே, நீயே வழி காட்டு" என்று அழுதேன்.

வெளியே வந்தால் ஆரணி பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். நிற்கும்போதே அவர் சுருண்டு விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. நான் போட்ட கூச்சலில் வாழைத்தார் லாரி ஒன்று நின்றது.

"ஆரணி போவுமாண்ணா?"

"வேலூருக்குப் போய்கினு கீறேம்மா. அங்க பெரிய டாக்டருங்க கீறாங்க. ஏத்து, யோசிக்காத."

ஏற்றினோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில், முன்பு ஏதாவது நோய் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். கண் வீக்கத்தைச் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன்.

"இதைக் கொடுத்தீங்களா?"

"இல்லீங்கம்மா."

"நல்லவேளை" என்றார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா என்ற புற்றுநோய்.

"கண் வீங்குற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா இவருக்கு அன்னைக்கு வந்ததே இதோட தொடக்கமா இருந்திருக்கலாம். அந்த மாத்திரை ஸ்டீராய்டு, அதைக் கொடுத்திருந்தா கட்டி கொஞ்ச நாள் சுருங்கியிருக்கும். சோதனையில சிக்காம, திரும்பப் பெருசா வந்திருக்கும்."

என் கையைத் தடுத்தவள் யார் என்று எனக்குத் தெரிந்தது.

தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முடி கொட்டியது. சோறு இறங்கவில்லை. எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஒருநாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். "வள்ளி, உப்பு போட்டியா?" என்றார். என் பெயர்! தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

இது 1988. கால் கொஞ்சம் இழுக்கிறது, சில பெயர்கள் மறக்கின்றன. சின்னக் கரைப் புடவை நெய்கிறார். முன்பெல்லாம் ஏதாவது வேண்டிக்கொள்ளத்தான் கோயிலுக்குப் போவேன். இப்போது சும்மாவே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கலங்கி நிற்கும் சகோதரிகளே, தாயிடம் மனம்விட்டு அழுங்கள். அழுதுவிட்டு, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். அங்கேயும் அவள்தான் இருக்கிறாள். நான் கண்டேன்.