கதவுகளில் நான் போட்ட எண்கள்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. மணலூர்பேட்டைச் சாலையெங்கும் மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வெட்டியவர்களைத் தேடி போலீஸ் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தது.

பழைய வீடுகளைப் பாதுகாக்கப் பட்டியல் எடுக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மரத்தூண் வைத்த வீடுகள் இருந்த ஒரு தெருவில், எல்லோரும் வயலுக்குப் போயிருந்த மதியத்தில், பதினாறு கதவுகளில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்கு அனுமதி என்ற நினைப்பு.

மறுநாள் காலை அளவெடுக்கப் போனேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. ஏழாம் எண் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் சோறு பாதி வெந்து கிடந்தது. நடக்க முடியாத ஒருவர் பாயில் படுத்திருந்தார். என் கையிலிருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததும் பாயோடு சுவரோரம் நகர்ந்தார்.

"நம்பர் போட்ட வூட்டு ஆளுங்கள புடிச்சிக்கினு போவாங்கன்னு பேச்சுங்க. உங்கள பாத்ததும் எல்லாரும் கரும்புக்குள்ள பூந்துட்டாங்க. என் புள்ள மரம் வெட்லீங்க சாமி," என்று கும்பிட்டார்.

"நான் போலீஸ் இல்லீங்க. இந்த வீட்டக் காப்பாத்தத்தான் எழுதினேன்."

"யாருகிட்டருந்துங்க?"

சட்டையைக் கழற்றி, பெயிண்ட் கலக்க வைத்திருந்த மண்ணெண்ணெயில் நனைத்து, பதினாறு கதவுகளையும் துடைத்தேன். கரும்புக்குள்ளிருந்து பல கண்கள் என்னைப் பார்ப்பதுபோல் முதுகு கூசியது. ஒருவரும் வெளியே வரவில்லை. நான் போன பிறகுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு எந்த ஊரிலும், வீட்டுக்காரர் கதவைத் திறக்கும் முன் நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததில்லை.