கொட்டாவி விட்ட மலை

மூன்று வருஷத்துக்கு முந்தி, வெசாக் பண்டிகை முடிந்த கையோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிவித்திகலயிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இது நடந்தது.

நான் இரத்தினபுரி டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்கிறாள் என்று வீட்டில் திட்டு. லீவு நாளில் சும்மா கிடக்க முடியாமல்தான் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் ஏழு பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதின கதைகளை வாங்கி, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே, அவர்களுடைய சனத்துக்கு முன்னால் நடித்துக் காட்டுவோம். குழுவை நடத்துகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ஓர் அக்கா.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடித்து முடித்ததும் கதையை எழுதின பிள்ளை மேடைக்கு வரும். நாங்கள் எதைத் தப்பாக நடித்தோம் என்று ஒன்று சொல்லலாம். அதை நாங்கள் அங்கேயே திருத்தி மறுபடி நடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் கொள்ளை ஆசை. என் நாய்க்கு வால் இவ்வளவு நீளமில்லை, எங்கள் மாமா இப்படி நடக்க மாட்டார் என்று எங்களை வறுத்து எடுத்துவிடுவார்கள்.

அந்தத் தோட்டத்திலிருந்து வந்த கதைகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதினதை நான்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம்கூட இல்லை. அவர்கள் குடியிருக்கிற லயம் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்பது; அதற்குப் பின்னால் இருக்கிற மலை கொட்டாவி விடுகிறதாம். நாளுக்கு நாள் வாய் பெரிதாகிறதாம். கொட்டாவி விட்டால் தூக்கம் வரும், தூங்கினால் புரண்டு படுக்கும் என்று முடித்திருந்தாள். என்ன கற்பனை என்று நாங்கள் மாறி மாறி மெச்சிக்கொண்டோம். அரநாயக்கயில் மலை சரிந்து சனம் புதைந்ததை டிவியில் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே.

வழக்கமாக ஏழெட்டு நாளைக்கு முன்னால் போய்ப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வருவோம். அக்கா இந்த முறையும் சொன்னார்: "பிள்ளையள ஒருக்காப் பாத்துக் கதைச்சிட்டு வருவம்." எனக்குக் கல்யாண வீட்டு ரவிக்கைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. நேரமில்லை, கதைதான் தெளிவாக இருக்கிறதே என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அக்கா விட்டுவிட்டார்.

நேரமில்லை என்றவள், மலை உடுப்புத் தைக்க மட்டும் இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பச்சை லைனிங் துணி, நடுவில் சிவப்புத் துணி வைத்து ஒரு பெரிய வாய், திறந்து மூட சிப். வாய்க்குள்ளிருந்து என் தலை எட்டிப் பார்க்கும். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

அன்று காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. எங்களைக் கூட்டி வந்த வேன்கார அண்ணன் சிங்களவர். "நங்கி, வெஸ்ஸ எனவா" என்றார்; மழை வருது தங்கச்சி என்று வானத்தைக் காட்டிக் காட்டி அவசரப்படுத்தினார். கீழே ஓடைப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறினால் திரும்பிப் போக முடியாது. எனக்கும் காலில் வெந்நீரை ஊற்றின மாதிரிதான் இருந்தது. கடகடவென்று நடித்துவிட்டு ஓடிவிட வேண்டும்.

மலைக் கதை இரண்டாவது. சிப்பைத் திறந்து நான் கொட்டாவி விட்டதும் மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. இடது பக்கத்தில் ஒரு கூட்டம் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு நாடகம் பிடிக்கவில்லை என்று நினைத்து, இன்னும் பெரிதாக வாயைப் பிளந்தேன்.

பிள்ளை மேடைக்கு வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின தலை. சிரிக்கவே இல்லை.

"வாய் இவ்ளோ பெருசு இல்ல" என்றாள்.

சரி சரி, சின்னதாக்கிக்கொள்கிறோம் என்று சொல்லி நான் அடுத்த கதைக்குப் போகப் பார்த்தேன். அவள் இறங்கவில்லை. திருத்தி நடிக்க வேண்டும்தானே என்று கேட்டாள். பிறகு என் உடுப்பின் வாய்க்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும்.

"வெசாக் அன்னைக்கு இவ்ளோதான் போச்சு." இன்னும் உள்ளே விட்டாள். தோள் வரைக்கும். "நேத்து இவ்ளோ போச்சு."

அவளுடைய விரல்கள் உள்ளே என் வயிற்றில் பட்டன. சில்லென்று இருந்தது. இது கற்பனை இல்லை, அவள் அளந்து பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழேயிருந்து அவள் அம்மா கூச்சத்தோடு கத்தினாள்: "இறங்கு புள்ள. அவ எப்பவும் இப்பிடித்தாங்க, கதை விடுவா." சிரிக்காமல் இருந்த அந்தக் கூட்டம் முழுவதும் அதே லயத்து ஆட்கள். அதில் ஒருத்தர் மெதுவாக எழுந்தார். "எங்க காம்பரா கதவு நாலு நாளா சாத்த மாட்டேங்குது" என்றார். மலையிலிருந்து குழாயில் இறங்கும் பீலித் தண்ணீர் சேறாக வருகிறது என்று இன்னொரு பெண் சொன்னாள். ஆளுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் மற்றவரிடம் சொல்லவில்லை.

நாடகம் அதோடு நின்றது. பிள்ளை முன்னால் நடக்க, ஏழெட்டுப் பேர் பின்னால் ஏறினோம். வாழைகளுக்கு மேலே, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில், புல்லை விலக்கிக் காட்டினாள். மண்ணில் ஒரு பிளவு, ஒரு சாண் அகலம்கூட இல்லை. நான் மண்ணில் படுத்துக் கையை விட்டுப் பார்த்தேன். அடி தட்டுப்படவில்லை. முதல் மழைத்துளி அப்போதுதான் கழுத்தில் விழுந்தது.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணினால், மழை விட்டதும் ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது. அக்கா கிராம சேவகரைப் பிடித்தார். அந்த லயத்துப் பதினான்கு குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னார் அவர். போக அவசரப்பட்ட வேன்கார அண்ணன்தான் வயசாளிகளையும் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆறு தடவை ஏறி இறங்கினார். கடைசியில் பாலம் தண்ணீரில் போய், நாங்களும் அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலைதான் பெரிய வேதனை. மலை அப்படியே நிற்கிறது. மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. கோழிக்குத் தீனி வைக்கவில்லை, துணியெல்லாம் நனைந்து கிடக்கிறது என்று சனம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சின்னப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு இப்படி வந்து கிடக்கிறோமே என்று சிலர் அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தபடி, கடையில் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து மணி இருக்கும். அவள் அம்மா என்னிடம் வந்தாள். புருஷன் கொழும்பில் கடை வேலை, வீட்டில் வேறு ஆளில்லை. "இவளக் கொஞ்சம் பாத்துக்கங்க. அடையாள அட்டையையும் அரிசியையும் எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்." கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி, போயிட்டு வாங்க என்றேன். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கேட்டைத் தாண்டினதும் அவள் என் கையைக் கடித்தாள். இரத்தம் வருகிற மாதிரி. நான் உதறினதும் ஓடினாள். அம்மாவின் பின்னால் ஓடுவாள் என்று பார்த்தால், எதிர்ப்பக்கம், தண்ணீர் புரளும் ஓடையை நோக்கி ஓடினாள். அம்மா அலறிக்கொண்டு திரும்பி அவளைத் துரத்தினாள். நானும் துரத்தினேன். அந்தச் சேற்றில் அவளைப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிடித்ததும் அம்மா முதுகில் ஓர் அறை வைத்து, தரதரவென்று இழுத்து வந்தாள். பள்ளிக்கூடத்துக் கேட்டருகே வந்தபோதுதான் சத்தம் கேட்டது.

கல் லாரி ஒன்று கொட்டுகிற சத்தம்தான். ஆனால் நிற்கவே இல்லை. தூசி இல்லை, புகை இல்லை. வாழைகள் நின்றபடியே கீழே நகர்ந்து வந்தன. லயத்தின் கடைசி நாலு காம்பராவும் போய்விட்டன. பிள்ளையின் வீடு கடைசிக் காம்பரா.

ஒரு உயிரும் போகவில்லை. அம்மா சேற்றிலேயே உட்கார்ந்து, அடித்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிள்ளையைக் குறை சொன்ன சனம் வந்து அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனது. நான் அழுதேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

சாயங்காலம் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடித்த இடத்தைப் பார்த்தாள். மெதுவான குரலில் கேட்டாள்:

"அக்கா, நான் எழுதுனதாலயா மலை விழுந்துச்சு?"

இல்லை என்றேன். நீ எழுதினதால்தான் எல்லோரும் பிழைத்தோம் என்றேன். தலையை ஆட்டினாள், நம்பின மாதிரி தெரியவில்லை.

இப்போது அவர்களுக்கு வேறு இடத்தில் வீடு. அவள் எட்டாம் வகுப்பு. நான் இன்னும் நடிக்கிறேன், முன்னாலேயே போய்ப் பேசாமல் எந்தப் பிள்ளையின் கதையையும் எடுப்பதில்லை. ஆனால் மழை பெய்தால் என்னால் மிஷினில் உட்கார முடிவதில்லை. பெரியவர்கள் இத்தனை பேர் சுற்றிலும் இருந்தும், அந்தப் பிள்ளை தினமும் தனியாகப் போய், அந்தப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாளே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஆறுவதில்லை.