கோவிந்தராஜுலுவின் தங்கச்சி

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை சூசைமேரிக்கு. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் கடைப்படியில் படுத்திருப்பவர்களை எழுப்பி விரட்ட வேண்டும். அதைச் சொல்லித்தான் முதலாளி அவளை வேலைக்கே வைத்தார். அவளும் விரட்டத்தான் செய்தாள். "ஏனுங்க, எந்திரிங்க, நேரமாச்சு" என்று ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பி, தான் குடியிருக்கும் கணபதியிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்த டீயை ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்து விரட்டினாள். இப்படி விரட்டினால் யார்தான் போவார்கள்? படியில் ஆள் கூடியதே தவிரக் குறையவில்லை.

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாதா கோயில், கடை, ஒற்றை அறை வீடு, அவ்வளவுதான் அவள் உலகம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்று கோயிலில் நல்ல பெயர் வேறு.

அந்தப் பெயரைக் கெடுத்தவள் மாசாணியம்மாள். படியில் படுக்கிற கிழவி. சர்க்கரைப் புண்ணால் கால் வீங்கி ஒரு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. சூசைமேரி அவளை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்: "கூட இருக்கறது யாரு?"

"நாந்தானுங்க."

"உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்க. தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா ஆகாதும்மா. ஆபரேஷன்னா கையெழுத்துப் போட ஆள் வேணும். சொந்தக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

சொந்தக்காரர்கள் இருந்தால் கிழவி ஏன் படியில் படுக்கிறாள்? இதை அவரிடம் கேட்கலாமா என்று யோசித்த சூசைமேரி, பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சின்னம்மா மகளுங்க நானு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் அவர். கிழவிக்குக் கட்டில் கிடைத்தது. காலும் தப்பியது, ஒரு விரல் மட்டும் போயிற்று.

படியில் இந்தச் சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, சேலைக்கடை அம்மணியைக் கேள் என்றாகிவிட்டது. ஒருத்தருக்கு அக்கா, இன்னொருத்தருக்குக் கொழுந்தியா, மூணாவது ஆளுக்குச் சம்பந்தி. வார்டு நர்ஸ் கெசியா ஒரு நாள் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க குடும்பத்துல ஒருத்தருக்குக் கூடவா ஒடம்பு நல்லா இருக்காது?"

"என்ன கண்ணு பண்றது, பெரிய குடும்பம்" என்றாள் சூசைமேரி.

கெசியா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். சூசைமேரிக்குத்தான் மனசு உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல முழங்கால் போட்டாள். "சாமி, இந்த மாசம் நிறையப் பொய் சொல்லிப்போட்டேனுங்க." என்னவெல்லாம் என்று சாமியார் கேட்க, உறவுமுறை வரிசையாக ஒப்பித்தாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் கனைத்துக்கொண்டார்.

"இனிமே சொல்ல மாட்டேன்னு மனசுல உறுதி இருக்குங்களா அம்மா?"

"இல்லீங்க சாமி. நாளைக்கே ஒருத்தரைச் சேர்க்கோணும்."

"அப்புறம் எப்படிம்மா மன்னிப்புக் குடுக்கறது?"

"அதானுங்க எனக்கும் தெரியல." ஜெபம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அந்த மறுநாள் ஆள்தான் கோவிந்தராஜுலு. படியில் படுத்தாலும் மிடுக்குக் குறையாத மனிதர். முந்தின நாள் பேப்பரை மடிப்புக் கலையாமல் வைத்துப் படிப்பார். ஓசி டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கல்ம்மா" என்பார். ஒரு காலத்தில் கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தாராம். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். இருமல் முற்றி, மூச்சு வாங்கிப் படி ஏற முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். அதற்கும் நிபந்தனை போட்டார்.

"அக்கான்னு சொல்லிடாதே. எனக்கு மூத்தவங்க யாரும் ஆகாது. தங்கச்சின்னு சொல்லு."

சீட்டு எழுதுகிறவர் இந்தத் தடவை தலை நிமிர்ந்தார். "அண்ணன் கோவிந்தராஜுலு, தங்கச்சி சூசைமேரியா?"

"நான் வேதத்துல சேந்துட்டேனுங்க" என்றாள் சூசைமேரி. பிறந்த நாளிலிருந்தே கிறிஸ்தவளாக இருப்பவள்.

வார்டில் அவர் ராஜாவாக இருந்தார். இட்லி கல்லாக இருக்கிறது என்று சத்தம் போட்டார். டாக்டருக்கே மருந்தைப் பற்றி யோசனை சொன்னார். "என் தங்கச்சி சேலைக்கடையில மேனேஜர், வேலை முடிஞ்சு வந்துருவா" என்று பக்கத்துக் கட்டிலில் பெருமை அடித்தார். வேலை முடிந்து ரசம் சாதத்தோடு அவள் போனால், "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று அதட்டுவார். அதட்டலைக் கேட்க அவளுக்கும் பிடித்துப்போயிற்று. உரிமையோடு அவளைத் திட்ட வீட்டில் யார் இருந்தார்கள்?

நுரையீரல் தேறவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவராகவே சொன்னார், மகன் பவன் இதே ஊரில்தான் இருக்கிறான், பட்டறையும் அவனிடம்தான் என்று. "சொல்லி அனுப்பட்டுங்களா அண்ணா?" என்றாள். "நான் வரச்சொன்னேன்னு சொல்லாதே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பட்டறைப் பெயரை வைத்து நம்பரைக் கண்டுபிடித்து அவள் பேசுவதற்குள் அவர் போய்விட்டார்.

பவன் வந்தான். நல்ல சட்டை, கலங்கிய முகம். வார்டுக்குள் வராமல் தூணோரம் நின்றுகொண்டான்.

"நீங்க யாருங்க?"

"தங்கச்சிங்க" என்றாள், பழக்க தோஷத்தில்.

"எங்கப்பாவுக்குத் தங்கச்சி இல்லீங்களே."

"அது எனக்கும் தெரியுமுங்க."

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். பட்டறையைத் தன் பேருக்கு மாற்றியதில் அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, அவர் கட்டின துணியோடு வெளியேறிவிட்டார். தேடினான், கிடைக்கவில்லை. சொந்தபந்தம் துளைத்து எடுத்ததில், அப்பா துறவறம் பூண்டு காசிக்குப் போய்விட்டார் என்று சொல்லிவைத்தான். ஊர் நம்பியது மட்டுமில்லை, அப்பேர்ப்பட்ட தகப்பனுக்குப் பிறந்தவன் என்று அவனுக்கு மரியாதையும் கூடியிருந்தது.

"இப்ப ஆர்.எஸ்.புரத்துப் படியில படுத்திருந்தாருன்னு எப்படீங்க சொல்றது?" என்றான். "நீங்களே தங்கச்சியா இருந்து கையெழுத்துப் போட்டுருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

சூசைமேரிக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் உள்ளே பிணம் காத்திருந்தது. போட்டாள். பக்கத்தில் நின்றவனைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர் கேட்டார்: "நீங்க?"

"தெரிஞ்சவருங்க" என்றான் மகன்.

மின்மயானத்தில் மறுபடி சிக்கல். "கொள்ளி வைக்க மகன் இருக்காரா?" என்று அங்கிருந்த ஆள் கேட்டார். சூசைமேரி பவனைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொல்வாளா? பவன் தரையைப் பார்த்தான், பிறகு சட்டையைக் கழற்றினான். "நான் வெக்கறேனுங்க. மகன் மாதிரிதான்." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். மயானத்து ஆள் மெச்சிக்கொண்டார்: "தெரிஞ்சவருக்கே இப்படி அழுவறாரே! இந்தக் காலத்துல பெத்த புள்ளைக கூட இப்படி இல்லீங்க."

பதினாறாம் நாள் ஆர்.எஸ்.புரத்துப் படிகளுக்கு ஒரு வேன் வந்தது. காசியில் இறைவனடி சேர்ந்த பெரியவர் நினைவாகச் சாப்பாட்டுப் பொட்டலம். பொட்டலத்தின் மேல் முறுக்கு மீசையோடு ஓர் இளவட்டப் படம். அவரோடு ஒரே படியில் படுத்து எழுந்த யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"காசியில போய்ச் சாகறதுன்னா சும்மாவா? குடுத்து வெச்ச மனுசன்" என்று மாசாணியம்மாள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். சூசைமேரி அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் கிழவிக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு மயானத்தை விட்டுக் கிளம்பும்போது பவன் கேட்டிருந்தான்: "உங்களுக்கு நான் ஏதாச்சும் செய்யோணுமுங்க."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆஸ்பத்திரியில உறவுக்குத்தான் ஆள் பத்தலை. நான் ஒருத்தியே எத்தனை பேருக்கு அக்கா தங்கச்சியா இருக்கறது?" என்றாள். கோபத்தில் சொன்னது. அவன் திரும்பி வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

அடுத்த மாசம் போன் வந்தது. "அத்தை, பவன் பேசறேனுங்க." அப்பாவின் தங்கச்சி என்றால் அத்தைதானே? அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு சொன்னாள், படியில் படுக்கும் சுஃப்யான் பாய்க்குக் குடலிறக்கம், நாளைக்குச் சேர்க்க வேண்டும், தனக்கோ கடையில் தீபாவளிக் கூட்டம்.

"நான் போறேனுங்க. என்ன உறவுன்னு சொல்றது?"

"வாயில வர்றதைச் சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். காலையிலிருந்து கூடவே உட்கார்ந்திருந்தானாம். டீ வாங்கிக் கொடுத்தானாம், ஒன்றுக்குப் போகக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனானாம்.

"ஆனா அவரு என்கூட ஒரு வார்த்தை பேசலீங்க அத்தை."

"அவருக்குக் காது கேக்காது. என்ன உறவுன்னு சொன்னீங்க?"

அவன் தயங்கினான். "மகன்னு சொல்லிப்போட்டேனுங்க." பிறகு, "நாளைக்கும் வரோணுமுங்களா?" என்றான்.

"மகன்னு எழுதிக் குடுத்துட்டீங்கல்ல?" என்றாள் சூசைமேரி. "வந்துதானுங்க ஆகோணும்."