மச்சை

இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகித்த ஒன்பது நாளும் எல்லோரும் என்மேல் அன்பாக இருந்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. துறைமுக வீதியில் ஒரு கம்பனியில் எழுதுவினைஞர். இரண்டு வருடமாக மத்தியானச் சோற்றுப் பொதியை நாய்களுக்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவந்தேன். நெஞ்செலும்பு தெரிந்த பிறகும் கண்ணாடியில் குண்டாகவே தெரிந்தேன்.

பல் தீட்டினால் இரத்தம் வந்தது. தொடையெல்லாம் நீலம் பாய்ந்த கண்டல். ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சிவப்பணு, வெள்ளணு எல்லாமே குறைவு. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி, இரத்தம் உண்டாகும் மச்சையை எடுத்தார்கள். இழுத்த கணத்தில் கத்திவிட்டேன். அப்பாவின் அக்காவான மாமி கட்டிலருகே செபமாலை சொல்லி அழுதார்.

முடிவை ஒரு பெண் டாக்குத்தர் வந்து சொன்னார்.

"கான்சர் இல்லை. நீங்கள் சாப்பிடாததால உடம்பு எலும்புக்குள்ள இருந்த கொழுப்பையும் எடுத்துப்போட்டுது. மச்சை இருந்த இடத்தில ஜெலி மாதிரி ஒண்டுதான் கிடக்கு."

"திரும்பி வருமா?"

"வரும். குளிசையால மட்டும் ஏலாது, சாப்பாட்டால. அதையும் மெல்ல மெல்லத்தான் கூட்டவேணும். மனநல டாக்குத்தரையும் பாருங்கோ. இதுவும் ஒரு வருத்தம்தான், நோய்தான்."

அவர் போனதும் மாமி செபமாலையைப் பைக்குள் போட்டார். "சோறு தின்னாத கொழுப்புக்கா நாங்கள் இவ்வளவு அழுதனாங்கள்?"

எலும்புக்குள்கூடக் கொழுப்பு மிஞ்சாதவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னார். அம்மா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அடுத்த ஞாயிறு கோயிலில் நோயாளருக்கான மன்றாட்டில் என் பெயரை வாசிக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். புற்றுநோய் வந்திருந்தால் வாசித்திருப்பார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

மூன்று கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். அரைக் கோப்பை கஞ்சிக்கு ஒரு மணித்தியாலம் அழுவேன். ஏழு மாதத்தில் இரத்தம் சரியானது. சோற்றின் மேலிருந்த பயம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

பிறகு ஒருநாள் மாமி வீட்டுக்கு வந்தார். "பாத்தியா, சாப்பிட்டவுடன எல்லாம் சரி. சும்மா எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தினனீ."

அம்மா குசினியிலிருந்து வந்தார். "மச்சாள், பிள்ளைக்கு வந்தது வருத்தம். அப்பிடிச் சொல்ல ஏலாட்டி இந்த வீட்டுக்கு வராதேங்கோ."

மாமி தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் நன்றி சொல்லவில்லை.

"இதை அண்டைக்கு வாட்டில சொல்லியிருக்கலாமே?"

"ஓம்," என்றார் அம்மா. "சொல்லேல்லைத்தான்."