மூன்று அரசுக்கும் ஒரே கடிதம்

ஆவடிப் பக்கம் ஒரு எம்.பி. அலுவலகத்தில் மனுப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பாதுகாப்புத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு அங்கே போய் உட்கார்ந்தேன். இன்று அந்த மாதிரி நாற்காலிகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு என் சாதனைகளைவிட என் கோளாறு ஒன்றுதான் அதிகம் உதவும். அதனால் அதையே எழுதுகிறேன்.

1. மூன்று தட்டுகள்

சேர்ந்த அன்றே எம்.பி. என்னிடம் சொன்னார்: "வர்ற மனுல பாதிக்கு மேல நம்ம வேலையே இல்லம்மா. ஆனா இல்லன்னு சொல்லி யாரையும் திருப்பி அனுப்பிடாதீங்க."

அவர் சொன்னது உண்மை. ஜனங்களுக்கு எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர் எல்லாம் ஒரே கரை வேட்டிதான். தெரு நாய் கடித்ததற்கு நாடாளுமன்றத்தில் பேசச் சொன்னவர்கூட உண்டு. நான் மேசையில் மூன்று தட்டு வைத்தேன். ரயில், தபால், பாஸ்போர்ட் என்றால் டெல்லித் தட்டு. பட்டா, ரேஷன், போலீஸ் என்றால் கோட்டைத் தட்டு. குப்பை, தெருவிளக்கு என்றால் மாநகராட்சித் தட்டு. ஒரே வாரத்தில் அரசியல் சாசனத்தையே கரைத்துக் குடித்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு எனக்கு வந்துவிட்டது.

2. எந்தத் தட்டிலும் அடங்காத தண்ணீர்

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் கன்னியப்பன் வந்தார். ஆட்டோ ஓட்டுபவர். பரம்பரையாக அந்தப் பக்கம் நெல் போட்ட குடும்பம். அவர் மனைவி சரோஜாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். இடி விழுந்ததில் தண்ணீரை இறைக்கும் மோட்டார் கருகிவிட்டது. சுற்றிப் போனால் நெரிசலில் நேரம் தப்பிவிடுகிறது. ஏற்கெனவே ஒரு முறை தவறிப்போய், சரோஜாவுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டிவிட்டது.

"மழ பெஞ்சா அவளுக்கு மட்டும் ஆஸ்பத்திரி லீவாக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் மனுவை வாங்கிக்கொண்டேன்.

மனுவை எந்தத் தட்டில் போடுவது? சுரங்கமும் மோட்டாரும் ரயில்வேயுடையவை, அதாவது டெல்லி. இறைத்த தண்ணீர் விழும் தெருக் கால்வாய் மாநகராட்சியுடையது. அது போய்ச் சேரும் ஏரி வாய்க்கால் மாநில அரசுடையது. நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். நிலைமை முழுவதையும் விவரித்து இரண்டு பக்கத்துக்கு ஒரே கடிதம் எழுதி, மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். அடியில், 'நகல்: மற்ற இரு அலுவலகங்களுக்கும்' என்று அழகாகப் போட்டேன். எம்.பி. கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வோர் இடமாகப் போன் செய்தேன். மூன்று இடத்திலும் மரியாதையாகவே பேசினார்கள். மூன்று பேருமே, "அவங்களுக்கும் எழுதியிருக்கீங்களே, அவங்க பார்ப்பாங்கன்னு ஃபைல்ல வெச்சிருக்கோம்" என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் எனக்கு வந்த கடிதங்களில் அடியில் நாலு பெயர் இருந்தால் நானும் அப்படித்தான் கோப்பில் கோத்து வைத்தேன். முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்துவிட்டு, எழுதும்போது அதை மறந்தேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் சரோஜா இரண்டாம் முறையும் தவறவிட்டார்.

3. நட்சத்திரம் இல்லாத கேள்வி

டெல்லியில் குளிர்காலக் கூட்டத்தொடர் நெருங்கிக்கொண்டிருந்தது. எம்.பி.யிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "லெட்டர் போட்டா ஃபைல்ல தூங்கும். கேள்வி போட்டா அமைச்சர் பேர்ல பதில் வந்தே ஆவணும். ஒரு அமைச்சருக்கு, அவர் துறையை மட்டும் கேட்டு எழுதுங்க" என்றார்.

மாநகராட்சிக்கும் மாநிலத் துறைக்கும் தனித்தனிக் கடிதம் எழுதினேன். மாநகராட்சிக்குக் கால்வாய் அடைப்பு மட்டும், மாநிலத் துறைக்கு வாய்க்கால் மட்டும். எதிலும் நகல் இல்லை. ரயில்வே அமைச்சருக்கு, எழுத்தில் பதில் தரும் நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி: மோட்டார் பழுதானது அரசுக்குத் தெரியுமா, தெரியுமென்றால் எப்போது சரியாகும்? வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்திருந்தாலும் அது மாநில விவகாரம் என்று கேள்வியே தள்ளுபடியாகியிருக்கும். வந்து குவியும் கேள்விகளில் சிலவற்றைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள்; அந்தக் குலுக்கலில் எங்கள் கேள்வி தேறியது.

அப்புறம்தான் அரசாங்கம் என்பது எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தேன். கேள்வி அமைச்சகத்துக்குப் போய், வாரியத்துக்கு இறங்கி, மண்டலத்துக்கு வந்து, கோட்டத்தைத் தாண்டி, கடைசியில் இங்கே ஒரு இளநிலைப் பொறியாளர் மேசையில் விழுந்தது. அவர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், மினிஸ்டர் பதில்ல 'மோட்டார் ஓடல'ன்னு என்னால எழுதித் தர முடியாது. ரெண்டு நாள் குடுங்க."

இரண்டாம் நாள் புது மோட்டார் இறங்கியது. அதே வாரம் மாநகராட்சி ஆட்கள் கால்வாய் அடைப்பை எடுத்தார்கள். வாய்க்காலிலும் ஒரு இயந்திரம் இறங்கிப் புதர்களை வாரியது. அவையில் பதில் வைக்கப்படும் முன்பே சுரங்கப்பாதை காய்ந்துவிட்டது.

அமைச்சரின் பதில் இரண்டே வரி. 'மோட்டார் இயங்குகிறது. நீர் தேங்கவில்லை.' கன்னியப்பனை வரவழைத்துப் படித்துக் காட்டினேன். சரோஜாவும் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"இத்த அவரு இன்னாத்துக்கு டெல்லியிலேர்ந்து சொல்லணும்? நாலு நாளா நான் அதுலதானே ஓட்டிகினு கீறேன்" என்றார் கன்னியப்பன்.

சரோஜா மட்டும் காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "அவரு சொல்லணும்னுதான்யா இங்க இருக்கறவங்க மோட்டார ஓட வெச்சாங்க" என்றார்.

பதிலுக்காக அல்ல, பதில் சொல்லியாக வேண்டுமே என்பதற்காகத்தான் அரசாங்கம் அசைகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பக்கக் கடிதமும், அந்த அம்மாவுக்கு இரண்டு டயாலிசிஸும் செலவாயின. பிள்ளைகளே, ஒரு கடிதத்தில் ஒரே ஆளை, அவரால் முடிந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். அந்த மழைக்காலம் முடியும்வரை சரோஜா ஒரு நாளும் தவறவில்லை.